மருந்துக்கு அடங்காத செட்டைச் சிதைவு: கொக்குவில் வீட்டு மீன்தொட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் வைக்கப்பட்டுள்ள கலப்பு மீன்தொட்டியில், ஏஞ்சல் மீன்களினதும் கௌராமிகளினதும் செட்டைகள் மாதக்கணக்காகச் சிதைந்து வந்தமையும், மூன்று முறை மருந்திட்டும் அது நிற்காமற் போனமையுமே இங்கு ஆராயப்படுகின்றன. தொட்டி நான்கு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உடையது. அடியிற் பரப்பிய பருக்கைக் கல்லையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் ஏறக்குறைய 220 லீற்றர் தண்ணீர் கொள்ளும். அதில் நான்கு ஏஞ்சல்கள், இரண்டு பேர்ள் கௌராமிகள், ஆறு செரி பார்ப்கள், ஐந்து டைகர் பார்ப்கள், ஒரு சக்கர் மீன் ஆகியன இருந்தன. ஏஞ்சல்களில் இரண்டு நீண்டு தொங்கும் வாலுள்ள ரகத்தைச் சேர்ந்தவை. சிதைவு முதலிற் கண்ணிற் பட்டதும் அவற்றிலேதான்.

உரிமையாளர் கவனக்குறைவானவர் அல்லர். கிழமைக்கொரு தடவை காற்பங்கு தண்ணீர் மாற்றுவார்; காலையும் மாலையும் அளவாகவே தீனி போடுவார். வாங்கிய மீன், இறந்த மீன், இட்ட மருந்து, கழுவிய வடிகட்டி என எல்லாவற்றையும் ஒரு சீஆர் கொப்பியில் திகதியிட்டு எழுதி வைத்திருந்தார். மீன் வளர்ப்போரிடம் அரிதாகவே காணக்கூடிய பழக்கம் அது. இந்த ஆய்வு ஒரு முடிவுக்கு வர முடிந்தமைக்குத் தண்ணீர்ச் சோதனையைவிட அந்தக் கொப்பியே கூடுதலாக உதவியது.

அவருடைய முறைப்பாடு சுருக்கமானது. "தம்பி, மருந்து போட்டா மூண்டு நாலு நாளைக்கு நல்லாத்தான் நிக்குது. பிறகு பாத்தா திரும்பவும் அரிச்சுக் கிடக்குது." கடையிற் கேட்டபோது செட்டை அழுகல் என்றே சொல்லியிருக்கிறார்கள். முதல் தடவை மெதிலீன் நீலம், இரண்டாம் தடவை மனிதருக்குரிய ரெட்ராசைக்கிளின் குளிசையை உடைத்துக் கரைத்த தூள், மூன்றாம் தடவை மீண்டும் மெதிலீன் நீலம் என மருந்து மாறியதேயன்றி நோயின் பெயர் மாறவில்லை.

கடித்த செட்டையும் அழுகிய செட்டையும்

செட்டை சிதைந்திருப்பதைக் கண்டவுடன் அழுகல் என்று தீர்மானிப்பது பொதுவான வழக்கம். செட்டை அழுகல் என்பது ஏரோமோனாஸ், சூடோமோனாஸ், பிளேவோபற்றீரியம் முதலிய பற்றீரியாக்கள் செட்டையின் இழையத்தைத் தின்பதால் வருவது. அதன் அடையாளங்கள் ஓரளவு தெளிவானவை: ஓரம் பால்போல வெளுத்திருக்கும், சில வேளைகளில் அந்த வெளுப்பின் உட்புறமாகச் செந்நிறக் கோடு ஓடும், சிதைவு ஓரத்திலிருந்து அடியை நோக்கி ஒரே சீராக அல்லாமல் கந்தலாக முன்னேறும், செட்டையின் ஆரைகளுக்கு இடையிலுள்ள சவ்வு முதலிற் கரைந்து ஆரைகள் மட்டும் ஈர்க்குப் போல நீட்டிக்கொண்டு நிற்கும். கடியினால் வரும் இழப்பு இவ்வாறு இராது. அதில் ஆரையும் சவ்வும் ஒன்றாகவே வெட்டுப்பட்டிருக்கும். இழந்த பகுதி பிறைவடிவாகவோ சிறு அரைவட்டமாகவோ இருக்கும். புதிய காயமாயின் ஓரத்தில் வெளுப்பு இராது.

கைப்பேசி வெளிச்சத்தைத் தொட்டியின் பின்புறமிருந்து பாய்ச்சி ஏஞ்சல்களைப் பார்த்தபோது, மூன்றில் தெரிந்தது பிறைவடிவ வெட்டுகளே. வாற்செட்டையின் மேல்நுனியும் கீழ்நுனியும், முதுகுச் செட்டையின் பின்னோரமும், வயிற்றுப் புறத்தில் நூல்போலத் தொங்கும் செட்டைகளின் நுனிகளும் போயிருந்தன. பக்கச் செட்டைகள், அதாவது உடலோடு ஒட்டி ஓயாமல் அசைபவை, முழுமையாக இருந்தன. பேர்ள் கௌராமிகள் தொட்டுணர்வதற்கும் சுவை அறிவதற்கும் பயன்படுத்தும் நீண்ட இழைச் செட்டைகளில் ஒன்றில் பாதி இல்லை. மற்றொரு மீனில் இரண்டுமே அடிக்கட்டையாக நின்றன. தொங்குவதும் இழுபடுவதும் மட்டுமே குறைந்திருக்க, வேகமாக அசைவது தப்பியிருக்கிறது என்றால், அங்கு வாய் ஒன்று தெரிவு செய்து கடிக்கிறது என்றே கொள்ள வேண்டும். பற்றீரியாவுக்கு அந்தத் தெரிவு கிடையாது.

நான்காவது ஏஞ்சலின் நிலை வேறு. அதன் வாலோரம் வெளுத்து, அடிப்பகுதியிற் செந்நிறக் கீற்றுகள் ஓடியிருந்தன. அது உண்மையான அழுகல். கடை சொன்னது முற்றிலும் தவறு என்று கூற முடியாமைக்கும், ஒரு மீனைப் பார்த்து முழுத் தொட்டிக்கும் நோய்ப்பெயர் வைத்தமைக்கும் காரணம் இந்த ஒரு மீனே. கடித்த இடத்திற் பற்றீரியா பின்னர் குடிகொண்டது என்பதே எனது கணிப்பு.

மருந்து இட்ட நாட்களில் நடந்தது என்ன?

மருந்து இட்ட மூன்று நான்கு நாட்களுக்குச் செட்டைகள் தேறியமைதான் இந்நிகழ்வில் எல்லோரையும் வழிதவற வைத்தது. பற்றீரியாவே காரணம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எது என்று உரிமையாளர் கேட்டது நியாயமானதே. ஆயினும் கொப்பியில் அந்த நாட்களுக்கு நேரே வேறொரு குறிப்பும் இருந்தது.

"சேர், மருந்து விட்ட நாள்களிலை லைற் போடுறனீங்களோ?"

"இல்லைத் தம்பி. போத்தலிலை லைற்றை நிப்பாட்டச் சொல்லித்தானே கிடக்கு. சாப்பாடும் போடேல்லை."

மெதிலீன் நீலம் ஒளியிற் சிதைவடையும் என்பதால் விளக்கை அணைக்கச் சொல்வது வழக்கம். தண்ணீரும் கருநீலமாகிவிடும். டைகர் பார்ப் பகலில் இயங்கும் மீன். கண்ணால் கண்டதைத் துரத்துவது. இருண்ட நீரில் அது ஒடுங்கி நிற்கும், துரத்தல் ஓய்ந்துவிடும், கடியும் ஓய்ந்துவிடும். காயத்தின் ஓரத்தில் புதிய இழையம் அரும்பத் தொடங்க அந்தச் சில நாட்கள் போதும். பின்னர் தண்ணீரை மாற்றி, விளக்கைப் போட்டு, பட்டினி கிடந்த மீன்களுக்குத் தீனியும் போட்டதும் பழைய நிலை திரும்பியது. செட்டைகளைக் காப்பாற்றியது இருட்டு; பேர் வாங்கியது மருந்து.

ரெட்ராசைக்கிளினைப் பொறுத்தவரை யாழ்ப்பாணத்துத் தண்ணீருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் தேங்கி நிற்பது; கல்சியமும் மக்னீசியமும் அதில் மிகுதி. இந்த இரண்டு உலோக அயன்களும் ரெட்ராசைக்கிளின் மூலக்கூறைப் பற்றிப் பிணைத்துவிடுவதால், வன்னீரில் அம்மருந்தின் ஆற்றல் பெரிதும் குறைந்துபோகும். மென்னீர் உள்ள ஊர்களில் எழுதப்பட்ட அளவுகளை நம்பிக் குளிசை உடைத்துப் போடுவதில் இங்கு பலன் குறைவு. எதிர்ப்பாற்றல் கொண்ட பற்றீரியாக்களை வளர்க்கும் கேடு மட்டும் மிஞ்சும். மனிதருக்கான நுண்ணுயிர்க்கொல்லியை வைத்திய ஆலோசனையின்றி மீன்தொட்டியிற் கொட்டும் பழக்கத்தை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பது தனியே பேசப்பட வேண்டிய விடயம்.

தண்ணீர்

சோதனையில் தொட்டி நீரின் பீஎச் 8.0 ஆகவும், மொத்த அமோனியா லீற்றருக்கு 0.5 மில்லிகிராமாகவும், நைத்திரைற்று 0.25 மில்லிகிராமாகவும் இருந்தன. ஆறு மாதத்துக்கு மேல் நிலைபெற்ற தொட்டியில் அமோனியாவும் நைத்திரைற்றும் காணப்படக் கூடாது. வடிகட்டியின் பஞ்சில் வாழும் நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதைப் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுபவை; மெதிலீன் நீலம் அவற்றையும் தாக்குவது. மருந்தைத் தொட்டி முழுவதற்கும், வடிகட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு தடவை விட்டதன் விளைவே இது.

அரை மில்லிகிராம் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் அமோனியாவின் நச்சுத்தன்மை பீஎச்சைப் பொறுத்தது. 28 பாகை வெப்பநிலையில், பீஎச் 7 உள்ள நீரில் மொத்த அமோனியாவில் ஏறக்குறைய 0.7 சதவீதமே மீனின் பூக்களை, அதாவது செவுள்களை, தாக்கும் அயனாகாத வடிவில் இருக்கும். பீஎச் 8 ஆனால் அது ஏறக்குறைய 6.5 சதவீதமாகிறது. ஒரே அளவு அமோனியா எங்கள் கிணற்று நீரில் ஒன்பது மடங்கு கொடியது என்று பொருள். நான்காவது ஏஞ்சலின் காயம் அழுகலாக மாறியதற்கு இந்நீரே துணைபோயிருக்க வேண்டும்.

நைத்திரேற்று தொட்டியில் 60 மில்லிகிராமளவில் இருந்தது. தண்ணீரை அடிக்கடி மாற்றினால் அது இறங்கும் என்பது பாடம். ஆனால் வளவுக் கிணற்று நீரைச் சோதித்தபோது அதிலேயே 40 மில்லிகிராம் தெரிந்தது. தோட்டங்களுக்கு இடும் உரமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே நிலத்தடி நீரை அடைவதால், கோண்டாவில், திருநெல்வேலி, உரும்பிராய்ப் பக்கங்களில் இது அறியப்பட்ட நிலைமையே. இத்தகைய கிணற்று நீரால் எத்தனை வாளி மாற்றினாலும் தொட்டியின் நைத்திரேற்று கிணற்றின் மட்டத்துக்குக் கீழே போகாது. மாரியில் கூரைநீரைப் பிடித்து மூன்றில் ஒரு பங்காகக் கலப்பது உரிமையாளருக்குச் சொல்லப்பட்டது. முற்றிலும் மழைநீர் விடுவது கூடாது. பீஎச்சைத் தாங்கிநிற்கும் காபனேற்றுகள் அதில் இல்லை.

இவையெல்லாம் சேர்ந்தாலும் பிறைவடிவ வெட்டுகளுக்குத் தண்ணீர் காரணமாகாது.

கடித்தது யார்?

சந்தேகத்துக்குரியவை நான்கு இனங்கள். சக்கர் மீன் இரவில் இயங்குவது; பட்டையான உடலுடைய மீன்களின் பக்கங்களில் ஒட்டி, அவற்றின் வழுவழுப்புப் படலத்தை உறிஞ்சும் பழக்கம் வளர்ந்தவற்றிடம் உண்டு. ஆனால் அது விடும் தடம் உடலின் மீது வட்டமான மங்கலாகத் தெரியும். செட்டையின் நுனியைத் துண்டாக எடுக்காது. மேலும், இரவு விளக்கணைக்கும் போதும் விடிந்து விளக்குப் போடுவதற்கு முன்னரும் ஒரே மீன்களைப் படம் பிடித்து ஒப்பிட்டதில் இரவில் புதிய வெட்டு எதுவும் விழவில்லை. சக்கர் அத்துடன் விடுவிக்கப்பட்டது.

செரி பார்ப்களைப் பற்றிய சந்தேகம் பெயரால் வந்தது. செரி, டைகர் இரண்டையும் பார்ப் என்றே கடையில் விற்பதால் இரண்டும் ஒரே குணமுடையவை என்று உரிமையாளர் நினைத்திருந்தார். செரி பார்ப் இலங்கைக்கே உரிய மீன். தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலான ஓடைகளில் வாழ்வது. இலங்கை விலங்கியலாளர் தெரணியகலவால் 1929இல் விபரிக்கப்பட்டது. அடித்தளத்துக்கு அண்மையில், செடிகளுக்குள் ஒதுங்கித் திரியும் சாதுவான மீன் அது. டைகர் பார்ப் சுமாத்திராவைச் சேர்ந்தது, ஓயாது நீந்துவது, வளர்ந்தால் ஏழு சென்ரிமீற்றர் வரை வரும். குடும்பப் பெயர் ஒன்றாயிருப்பது தொட்டிக்குள் எதையும் உறுதி செய்யாது.

ஏஞ்சல்கள் ஒன்றையொன்று கடித்திருக்கலாம் என்பது மூன்றாவது ஐயம். அவை சண்டையிடும்போது வாயோடு வாய் கோத்து இழுக்கும், அல்லது விலாவில் மோதும்; உதட்டுக் காயமும் செதில் உதிர்வும் அதன் அடையாளங்கள். இரண்டும் இங்கு இல்லை.

நேரில் நின்று பார்த்தபோது டைகர் பார்ப்களும் குற்றமற்றவையாகவே தோன்றின. இதற்குக் காரணம் இருக்கிறது. ஆள் முன்னால் நின்றால் தொட்டியிலுள்ள மீன் எல்லாம் தீனி வரும் என்று கண்ணாடியோரம் குவிந்துவிடும். அந்த நேரத்தில் எந்த மீனுக்கும் வேறு வேலை இராது. ஆகவே ஒரு கைப்பேசியைக் கதிரையில் சாய்த்து வைத்து, பிற்பகலில், விறாந்தையில் யாருமில்லாத வேளையில் பதிவு செய்யப்பட்டது. முதற் பத்து நிமிடத்துக்குள்ளேயே விடயம் தெளிவானது. ஒரு டைகர் பார்ப் நீள்வால் ஏஞ்சலின் பின்புறத்தில் சற்றுக் கீழாக நின்று, தலையைச் சரித்து, வால் தன்பக்கம் வீசும்வரை காத்திருந்து, ஒரு கொத்துக் கொத்திவிட்டு விலகியது. ஏஞ்சல் திரும்புவதற்குள் மற்றொன்று எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. ஏஞ்சல் மூலைக்குப் போய்ச் செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு நின்றது. பார்ப்கள் கௌராமியின் பக்கம் திரும்பின.

ஐந்தாகக் குறைந்த கூட்டம்

கொப்பியின்படி தொடக்கத்தில் டைகர் பார்ப்கள் பதினொன்று இருந்தன. அவை ஒன்றையொன்று ஓயாமல் துரத்துவதைக் கண்ட உரிமையாளர், சண்டைக்குணமுள்ள மீனைக் குறைத்தால் தொட்டி அமைதியாகும் என்று எண்ணி, ஆறை மானிப்பாயிலுள்ள மருமகனுக்குக் கொடுத்துவிட்டார். ஏஞ்சலின் வாலில் முதற் சிதைவு பற்றிய குறிப்பு அதற்குப் பத்து நாள் கழித்து வருகிறது.

டைகர் பார்ப் கூட்டமாக வாழும் மீன்; கூட்டத்துக்குள் யார் பெரியவன் என்ற வரிசையை ஓயாது துரத்தியும் கொத்தியும் நிலைநாட்டிக்கொள்வது அதன் இயல்பு. எட்டுக்குமேல், இயன்றால் பத்துப் பன்னிரண்டாக இருக்கும்போது அந்தத் துரத்தல் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். உதையும் பலருக்குப் பகிரப்படும். நாலைந்தாகக் குறைந்தால் வரிசை விரைவில் முடிவாகிவிடும், ஆனால் குணம் மாறாது. அப்போது அருகில் மெதுவாக நீந்துகின்ற, நீளமாக எதையோ தொங்கவிட்டுக்கொண்டு திரிகின்ற மீன் இலக்காகிறது. உரிமையாளர் கண்ட சண்டை உண்மையில் தொட்டியின் மற்ற மீன்களைக் காத்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் ஆறையும் திரும்ப வாங்கி விட்டால் போதாதா என்று அவர் கேட்டார். பலர் அவ்வாறுதான் ஆலோசனை சொல்வார்கள். குட்டைச் செட்டையும் வேகமும் உள்ள மீன்களுடன் வளர்ப்போருக்கு அது பொருந்தவும் செய்யும். நீள்வால் ஏஞ்சலும் கௌராமியும் உள்ள தொட்டிக்கு அதனை நான் ஏற்கவில்லை. பெரிய கூட்டம் கடியைக் குறைக்குமேயன்றி ஒழிக்காது. ஒரு முறை செட்டையைக் கடித்துப் பழகிய மீன் கூட்டம் பெருகியதும் அதை மறந்துவிடும் என்று கொள்வதற்கும் இடமில்லை. வெப்பநிலையும் ஒவ்வாதது: டைகர் பார்ப் 26 பாகைக்குக் கீழே நன்றாயிருக்கும், ஏஞ்சல் 26க்கு மேலும் தாங்கும். சித்திரை வைகாசியில் விறாந்தைத் தொட்டி 31 பாகையைத் தொடும்போது பார்ப்களின் பரபரப்பு இன்னும் ஏறும், நீரில் கரைந்த ஒட்சிசனோ குறையும்.

செய்த மாற்றமும் அதன் பலனும்

முதலில் பிளாஸ்ரிக் வலைத்தட்டி ஒன்றால் தொட்டியின் வலது கால்பகுதி தடுக்கப்பட்டு ஐந்து டைகர் பார்ப்களும் அதற்குள் விடப்பட்டன. தண்ணீர், தீனி, விளக்கு, வடிகட்டி எதுவும் மாற்றப்படவில்லை, மருந்தும் இடப்படவில்லை. ஒரே ஒரு காரணியை மட்டும் விலக்கிப் பார்ப்பதே நோக்கம். அந்தக் கிழமையில் ஆரோக்கியமான மூன்று ஏஞ்சல்களிலும் புதிய வெட்டு ஒன்றுகூட விழவில்லை. அதன் பிறகே தண்ணீரைத் திருத்தும் வேலை தொடங்கியது: நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு மாற்றம், தீனி பாதியாகக் குறைப்பு, வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரில் அல்லாது தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுதல். அமோனியா மூன்றாம் கிழமையில் பூச்சியமானது.

அழுகல் கண்ட ஏஞ்சல் 40 லீற்றர் தொட்டிக்குத் தனியே மாற்றப்பட்டது. அங்கு லீற்றருக்கு இரண்டு கிராம் வீதம் 80 கிராம் ஆனையிறவுக் கல்லுப்பு, ஒரே தடவையிற் கொட்டாமல், வாளியிற் கரைத்து இரண்டு நாளாகப் பிரித்து விடப்பட்டது. தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்குரிய உப்பு மட்டும் சேர்க்கப்பட்டது. ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுசெய்யும்போது உப்பு சேர்க்கக் கூடாது, ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை. வெளுப்பு ஒரு கிழமையில் நின்றது. வேறு மருந்து தேவைப்படவில்லை.

செட்டை மீள வளர்வதைப் பார்க்கும்போது உரிமையாளருக்கு ஒரு பயம் வந்தது. அது பலருக்கும் வருவதே. வெட்டுப்பட்ட ஓரத்தில் நிறமற்ற கரை ஒன்று தோன்றியதைக் கண்டு அழுகல் திரும்பிவிட்டது என்று தொலைபேசியில் அழைத்தார். புதிய செட்டை கண்ணாடிபோல ஒளி புகும். அதன் வழியாகப் பின்னால் உள்ள செடி தெரியும். அழுகலின் வெளுப்பு பால் கலந்தாற்போல் ஒளியை மறைக்கும், ஓரம் கலைந்திருக்கும். வெளிச்சத்தைப் பின்னாலிருந்து பிடித்தால் வேறுபாடு உடனே தெரிந்துவிடும். அந்தக் கண்ணாடிக் கரையில் ஆரைகள் முதலில் மயிர்போல நீண்டு, பின்னர் கிளைத்து, கடைசியிலேயே நிறம் ஏறியது. மூன்று ஏஞ்சல்களின் வால்கள் இரண்டு மாதத்திற் பெரும்பாலும் பழைய நீளத்தை எட்டின. அழுகல் கண்டதன் வாலில் இரு ஆரைகள் அடிவரை போயிருந்தமையால் அந்த இடம் மடிந்தே நிற்கிறது. ஆரையின் அடி அழிந்தால் அது முறையாகத் திரும்புவதில்லை. கௌராமிகளின் இழைகள் வளர்ந்தன, ஒன்று மற்றதைவிடக் கட்டையாக.

டைகர் பார்ப்கள் மருமகனிடம் போய்ப் பழைய ஆறுடன் சேர்ந்தன. அவரிடமிருப்பது மூன்றடித் தொட்டி. அதில் வேறு இனம் இல்லை. அங்கு துரத்தல் நாள் முழுதும் நடக்கிறது. செட்டைகளில் சிறு கீறல்களைத் தவிர எதுவும் இல்லை.

ஏஞ்சல் தொட்டியில் ஏற்பட்ட இடைவெளிக்கு எதை விடலாம் என்ற கேள்வி எஞ்சியது. யாழ்ப்பாணக் கடைகளிற் கிடைப்பவற்றுள் செர்பே டெட்ராவும் பிளாக் ஸ்கேர்ட் டெட்ராவும் கடிக்கும் குணமுடையவை என்பதால் நீக்கப்பட்டன. நியோன் டெட்ரா வளர்ந்த ஏஞ்சலின் வாய்க்குள் அடங்கிவிடும். கப்பியின் வால் ஏஞ்சலையே கடிக்கத் தூண்டும். ஃபைட்டர் இரு பக்கமும் தொல்லை. வன்னீருக்கு மொலி நன்கு ஒத்துப்போகும். ஆறு கறுப்பு மொலிகள் விடப்பட்டன. குட்டி போட்டால் ஏஞ்சல்களுக்குத் தீனியாகும் என்று உரிமையாளரிடம் முன்னரே சொல்லப்பட்டது.

இறுதியாகப் பார்த்தபோது இரண்டு ஏஞ்சல்கள் சோடி சேர்ந்து, வடிகட்டிக் குழாயைக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. முட்டையிட்டால் அவை மற்ற இரண்டையும் மூலைக்கு விரட்டும். அப்போது வரும் காயம் உதட்டிலும் விலாவிலும் இருக்கும். வலைத்தட்டியைக் கழற்றிக் கொடுக்காமல் விறாந்தையிலேயே வைத்திருக்குமாறு அவரிடம் கூறப்பட்டுள்ளது.